மரங்களின் தோழி டாக்டர் ஜானகி அம்மாள்

இறைவன் படைத்த இவ்வுலகில் எந்த உயிரும் தனித்து வாழ்வதில்லை. செடிக்கு மண் வேண்டும். மண்ணுக்கும் செடி வேண்டும். பூவை நாடி வண்டு வருகிறது. பழத்தை நாடிப் பறவை வருகிறது. பழத்தை உண்ட பறவை விதையைக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் போடுகிறது. உதிர்ந்த இலையை மண்ணிலுள்ள மண்புழுவும், பூஞ்சையும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் மக்கச் செய்கின்றன. மக்கிய இலை எருவாகி மீண்டும் வேருக்கே உணவாகிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றவை தளர்ந்துபோகும்.

இவ்வுண்மையை நாம் பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். ஆனால் இதற்காக எண்பது வயதைக் கடந்த பின்னும் உழைத்த பெண்மணி ஒருவர் நம் ஊருக்கு மிக அருகிலேயே வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வேலப்பன்சாவடியிலிருந்து பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றால் வானகரத்தை அடுத்து வருவது மதுரவாயல். அங்கே சென்னைப் பல்கலைக் கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்திற்குச் சொந்தமான கள ஆய்வுக்கூடத்தில் தம் இறுதி நாட்களைக் கழித்தவர்தான் உலகம் போற்றிய தாவர விஞ்ஞானி டாக்டர் எடவலேத் கக்காட்டு ஜானகி அம்மாள். அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகக் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஜானகி அம்மாள் 1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் தலச்சேரியில் பிறந்தார். மலபார் மாவட்டம் அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் கிருஷ்ணன் நீதிபதியாகப் பணியாற்றியவர். மரம் செடிகளிலும் பறவைகளிலும் அவருக்கு அளவற்ற ஆர்வம். வீட்டைச் சுற்றி அழகிய தோட்டம் அமைத்து, அதில் கண்டவற்றை எல்லாம் குறித்து வைப்பார். வட மலபாரின் பறவைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பல குழந்தைகள் நிறைந்த அப்பெரிய குடும்பத்தில் வளர்ந்த ஜானகிக்குத் தந்தையின் தோட்டமே முதல் பள்ளிக்கூடமாயிற்று எனலாம்.

தலச்சேரியில் கன்னியர் நடத்திய திரு இருதயப் பள்ளியில் அவர் படித்தார். நம்மைப் போல் கான்வென்ட்டில் பயின்ற மாணவி என்பதை எண்ணும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது. பின்னர் சென்னைக்கு வந்து இராணி மேரிக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மாநிலக் கல்லூரியில் சேர்ந்து 1921ஆம் ஆண்டு தாவரவியலில் ஆனர்ஸ் பட்டமும் பெற்றார். அதன் பின் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாகப் பணியாற்றினார்.

அக்காலத்தில் பெண்களுக்குப் படிப்பைவிடத் திருமணமே முக்கியம் என்று கருதினார்கள். ஜானகிக்கும் உறவிலேயே மாப்பிள்ளை பார்த்தார்கள். அதே சமயத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகம், ஆசிய நாட்டுப் பெண்களுக்கென வழங்கிய பார்பர் உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. திருமணமா, படிப்பா என்ற கேள்வி எழுந்தபோது அவர் படிப்பையே தேர்ந்தெடுத்தார். 1924ஆம் ஆண்டு கடல் கடந்து சென்று முதுகலைப் பட்டம் பெற்றார். சில காலம் சென்னைக்குத் திரும்பிவந்து கற்பித்துவிட்டு, மீண்டும் சென்று 1931ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் தாவரவியலில் இப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே எனக் கருதப்படுகிறார். அவர் இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

கரும்பு ஆராய்ச்சி

தாயகம் திரும்பிய அம்மையார் திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டுகள் பேராசிரியையாக இருந்தார். பின் 1934ஆம் ஆண்டு கோயம்புத்தூரிலுள்ள கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் சேர்ந்தார்.

அப்போது மிகவும் இனிப்பான கரும்பு வகைகள் அயல்நாட்டுத் தீவுகளைச் சேர்ந்தவையாக இருந்தன. நம் நாட்டு வெயிலையும் நோயையும் அவை தாங்குவதில்லை. நம் ஆற்றங்கரைகளில் நாணல்போல் தானாக வளரும் காட்டுக் கரும்போ எதையும் தாங்கும். ஆனால் அதில் இனிப்பு இல்லை. இவ்விரண்டையும் கலந்து புதிய வகைகளை உண்டாக்குவதே கோயம்புத்தூர் நிலையத்தின் பெரும்பணி. ஜானகி அம்மாள் கரும்பின் உயிரணுக்களை நுண்ணோக்கியில் வைத்து அவற்றின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்தார். எந்த வகை எதனோடு சேரும் என்பதைக் காண இந்த ஆராய்ச்சி உதவியது. கரும்பை மக்காச்சோளம் போன்ற வேறு புல்லினங்களோடும் கலந்து அவர் சோதனைகள் செய்தார். காட்டுக் கரும்பின் தாயகம் இந்தியாவே என்பதை நிலைநாட்டுவதிலும் அவருடைய பங்கு பெரிது.

யாரும் மதியாத நாணல் புல்லுக்குள் நாட்டுக்கு வேண்டிய செல்வம் இருக்கிறது என்ற பாடத்தை அவர் இங்கேதான் கற்றிருக்க வேண்டும். காட்டில் வளரும் ஒவ்வொரு செடியும் காக்கத்தக்கது என்று பிற்காலத்தில் அவர் போராடியதற்கு வித்து இங்கே விழுந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் அவர் பாதையில் மலர் தூவியிருக்கவில்லை. பெண் என்பதாலும், திருமணமின்றித் தனித்து வாழ்ந்தவர் என்பதாலும், பிறந்த சாதியின் காரணமாகவும் அவர் பல இடையூறுகளைச் சந்தித்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. தம் நுண்ணோக்கியை எடுத்துக்கொண்டு வேறோர் இடத்தில் வேலையைத் தொடர்ந்தார்.

இங்கிலாந்தில்

1940ஆம் ஆண்டு இலண்டனிலுள்ள ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் அவர் பணி ஏற்றார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. இரவில் விமானங்கள் வந்து குண்டு வீசும். அம்மையார் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். காலையில் உடைந்து கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துத் தள்ளிவிட்டு ஆராய்ச்சியைத் தொடர்வார். இந்தியாவிலிருந்து ஓர் அணிற்பிள்ளையைச் சேலை மடிப்பில் மறைத்துக் கொண்டுசென்று அங்கே வளர்த்தார் என்றும், அதற்குக் கபோக் என்று பெயரிட்டார் என்றும் ஒரு சுவையான செய்தியைச் சொல்வார்கள்.

அந்நிலையத்தில் அறிஞர் டார்லிங்டனுடன் சேர்ந்து, மனிதர் பயிரிடும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945ஆம் ஆண்டு ஒரு பெருநூலை வெளியிட்டார். தாவர ஆராய்ச்சியாளர்கள் பெரிதும் மதிக்கும் நூல் அது.

போர் முடிந்தபின் விஸ்லி என்னுமிடத்திலுள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தில் பணியாற்றினார். அங்கே மக்னோலியா மரக்கன்றுகளின் குருத்தில் கால்கிசின் என்ற மருந்தை இட்டு, அவற்றின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். அத்தகைய மரங்களில் இதழ்கள் தடித்து, இலைகள் பெரிதாகும். அவர் நினைவாக ஒரு மக்னோலியா வகைக்கு ஜானகி அம்மாள் என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள். மக்னோலியா என்றதும் ஏதோ அயல்நாட்டு மரம் என்று எண்ண வேண்டாம். நாம் தலையில் சூடும் சண்பகமும் அந்தக் குடும்பந்தான். கால்கிசின் மருந்தும் நமக்குப் புதியதன்று. நம் மாநில மலராகிய செங்காந்தளிலும் அது இருக்கிறது!

தாய்நாடு அழைத்தது

இந்தியா விடுதலை பெற்றபின், 1951ஆம் ஆண்டு பிரதமர் ஜவகர்லால் நேரு அவரைத் தாய்நாட்டிற்கு அழைத்தார். 1890ஆம் ஆண்டு தொடங்கப்பட்டுப் பின்னர் மெலிந்துபோயிருந்த இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வெளிநாட்டில் கிடைத்த நல்ல பதவியை விட்டு அவர் திரும்பிவந்தார்.

இமயம் முதல் தெற்கு வரை காடு மலைகளில் அவர் அலைந்தார். குளிரும் ஈரமும் மிகுந்த வடகிழக்கு இமயத்தில், வறண்ட வடமேற்கைவிடக் குரோமோசோம் பெருகிய செடிவகைகள் அதிகம் என்று கண்டறிந்தார். அங்கே சீன நாட்டுத் தாவரங்களும் மலேய நாட்டுத் தாவரங்களும் நம் நாட்டுத் தாவரங்களோடு சந்தித்துக் கலந்ததும் ஒரு காரணம் என்று கருதினார். ஒரு செடியின் உயிரணுவுக்குள் இருப்பதை அறிய, அச்செடி நிற்கும் மலையையும் மழையையும் அறிய வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது அன்றோ!

அந்நாட்களில் உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று பல இடங்களில் காடுகளை அழித்து வயலாக்கினார்கள். மக்களின் பசியைப் போக்க வேண்டியது கட்டாயந்தான். ஆயினும் கண்மூடித்தனமாகக் காடுகள் அழிவதைக் கண்டு அம்மையார் கலங்கினார். ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து, அப்பகுதியில் ஒன்றே ஒன்றாக நின்ற அரிய மக்னோலியா மரம் ஒன்றைத் தேடிச் சென்றார். அங்கே போய்ப் பார்த்தால் மரம் எரிக்கப்பட்டுக் கிடந்தது! அந்த ஒரு மரத்தோடு எத்தனை பூச்சிகளும் பறவைகளும் வேரடி உயிர்களும் தம் இடத்தை இழந்தனவோ!

1955ஆம் ஆண்டு அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டனில், மனிதன் இப்பூமியின் முகத்தை எவ்வாறு மாற்றிவருகிறான் என்பதை ஆராய ஒரு பெரிய மாநாடு கூடியது. உலகெங்குமிருந்து அறிஞர்கள் வந்திருந்தனர். அவர்களுள் அழைக்கப்பட்டிருந்த ஒரே பெண்மணி நம் ஜானகி அம்மாள்தான். இந்தியாவின் உழவர்களும் பழங்குடி மக்களும் காட்டையும் நிலத்தையும் சார்ந்து வாழும் முறையைப் பற்றி அவர் அங்கே பேசினார். படிப்பறியாதவர்கள் என்று நாம் எண்ணும் பழங்குடிப் பெண்களிடம் செடிகளைப் பற்றிய அறிவு நிறைந்திருப்பதை அவர் மதித்தார். 1977ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

மதுரவாயலில்

1970ஆம் ஆண்டு, பலரும் ஓய்வெடுக்கும் வயதில், அம்மையார் சென்னைக்கு வந்து தாவரவியல் உயராய்வு மையத்தில் மதிப்புறு விஞ்ஞானியாகச் சேர்ந்தார். அப்போது அம்மையத்தின் தலைவராக இருந்தவர் பேராசிரியர் டி. எஸ். சதாசிவன். பருத்திச் செடியை வாட வைக்கும் பியூசேரியம் என்ற மண் பூஞ்சையைப் பற்றி ஆராய்ந்து புகழ்பெற்றவர் அவர். வேரைச் சுற்றியுள்ள மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வேரிலிருந்து கசியும் சத்துக்களை அவை உண்கின்றன. அவற்றுள் சில செடிக்கு நோய் தரும். பல நன்மை செய்யும். நோய் தரும் பூஞ்சையைப் பெருகவிடாமல் தடுக்கும் நுண்ணுயிர்களும் அதே மண்ணில் உண்டு. இவ்வாறு மண்ணுக்குள் நடக்கும் வாழ்க்கையை ஆராய்ந்துவந்த மையத்தில் அம்மையாருக்கும் இடம் கிடைத்தது பொருத்தமே.

மதுரவாயல் கள ஆய்வுக்கூடத்தில் அவர் மூலிகைத் தோட்டம் வளர்த்தார். பூனைகளும் குட்டிகளும் அவரைச் சுற்றித் திரிந்தன. அவற்றின் நிறத்திலும் குணத்திலும் உள்ள சிறு வேறுபாடுகளையும் அவர் உற்றுக் கவனித்தார். எளிய உடை, எளிய உணவு, இடைவிடாத உழைப்பு. இதுவே அவர் வாழ்க்கை.

அமைதிப் பள்ளத்தாக்கு

இந்நிலையில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள அமைதிப் பள்ளத்தாக்குக்கு ஆபத்து வந்தது. அங்கே ஓடும் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்க அரசு திட்டமிட்டது. அணை கட்டினால் 8 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பழமையான மழைக்காடு நீரில் மூழ்கும். மின்சாரம் வந்தால் விளக்கெரியும், தொழில் பெருகும், வேலை கிடைக்கும் என்று ஒரு சாரார் கூறினர். அதில் நியாயமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் காடு போனால் அதை எந்தப் பொறியாளரால் திரும்பக் கட்ட முடியும் என்று மற்றொரு சாரார் கேட்டனர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும், கவிஞர் சுகதகுமாரியும், பறவை அறிஞர் சலீம் அலியும், இன்னும் பலரும் காட்டுக்காகக் குரல் கொடுத்தார்கள்.

அக்காட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒரு மரத்தை மட்டும் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் வெடிப்பலா என்றொரு பெரிய மரம் உண்டு. அதன் பூக்களைத் தேடி இரவில் வௌவால்கள் வருகின்றன. மகரந்தம் மரத்துக்கு மரம் செல்கிறது. அதன் காய்களையும் பூக்களையும் சிங்கவால் குரங்குகள் விரும்பி உண்கின்றன. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இக்குரங்குகள் இயற்கையாக வாழ்வதில்லை. காட்டின் மற்ற பழமரங்களின் விதைகளை இருவாய்ச்சிப் பறவைகள் தொலைதூரம் கொண்டுசெல்கின்றன. கீழே உதிரும் இலையும் கிளையும் ஈரத்தில் விரைவில் மக்குகின்றன. அந்தச் சத்தை மழைநீர் அடித்துச் செல்லுமுன் வேர்களோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள் பற்றிக்கொண்டு மரத்துக்குக் கொடுக்கின்றன. மரமோ தான் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்குக் கொடுக்கிறது. மரத்தை வெட்டிவிட்டால் மண் மழையில் கரைந்துபோகும், பூஞ்சை மடியும், அதன்பின் அவ்விடத்தில் அதே காடு எளிதில் எழும்பாது. மரக்கன்றை வேறிடத்தில் நடலாம். இந்த உறவுகளையெல்லாம் பெயர்த்து நட முடியுமா?

எண்பது வயதைக் கடந்திருந்த ஜானகி அம்மாள் தமக்குத் தெரிந்த வழியில் போராட்டத்தில் இறங்கினார். நீரில் மூழ்க இருந்த அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராய்ந்து பதிவு செய்யத் துணிந்தார். வாழ்நாளெல்லாம் நுண்ணோக்கி வழியே ஒற்றை உயிரணுவைப் பார்த்த கண்கள், முடிவில் ஒரு காடு முழுவதையும் ஓருயிராகப் பார்த்தன.

அவர் உழைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1979ஆம் ஆண்டு, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அசிசியின் புனித பிரான்சிஸை இயற்கைச் சூழலைப் பேணுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். பறவைகளையும் விலங்குகளையும் உடன்பிறப்புகளாக அன்பு செய்த புனிதர் அவர். பின்னர் 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், பூமி நம் எல்லோருக்கும் பொதுவான இல்லம் என்பதை வலியுறுத்தித் திருமடல் வெளியிட்டார். விஞ்ஞானி நுண்ணோக்கியில் கண்ட உண்மையும் புனிதர் செபத்தில் கண்ட உண்மையும் ஒன்றையொன்று தழுவிக்கொள்வதை நாம் இங்கே காண்கிறோம்.

1984ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் ஜானகி அம்மாள் மதுரவாயலில் காலமானார். அவருக்கு அப்போது வயது 86. அதே ஆண்டு நவம்பர் மாதம் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அணை கட்டப்படவில்லை. அந்த நற்செய்தியைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. ஆனால் குந்திப்புழை இன்றும் அக்காட்டின் வழியே ஓடிக்கொண்டிருக்கிறது. சிங்கவால் குரங்குகள் அங்கே வாழ்கின்றன.

நாம் செய்ய வேண்டியது

அன்புத் தோழியரே! அமைதிப் பள்ளத்தாக்கு நமக்குத் தொலைவில் இருக்கலாம். ஆனால் மண் தொலைவில் இல்லை. வேலப்பன்சாவடியைச் சுற்றி வீடுகளும் கடைகளும் பெருகிவிட்டன. கூவம் ஆறு நம் பகுதியைத் தொட்டுத்தான் செல்கிறது. அயனம்பாக்கம் ஏரியும் அருகில் இருக்கிறது. இவற்றுக்கு நாம் என்ன செய்கிறோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் குவித்துத் தீ வைப்பதைப் பல இடங்களில் காண்கிறோம். அத்தீயில் இலையோடு சேர்ந்து, அதை எருவாக்க இருந்த எண்ணற்ற உயிர்களும் கருகுகின்றன. புகை நம் மார்பை அடைக்கிறது. அதற்குப் பதிலாகத் தோட்டத்தின் ஒரு மூலையில் குழி வெட்டி இலைகளைப் போட்டு, சிறிது மண்ணும் நீரும் தெளித்து வைத்தால், சில மாதங்களில் கறுத்த நல்ல எரு கிடைக்கும். மரம் நடும்போது புங்கன், வேம்பு, பூவரசு போன்ற நம் மண்ணுக்குரிய மரங்களை நடலாம். புங்கன் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கித் தருகிறது. அதன் பூவுக்குத் தேனீ வரும். ஒரு மரம் நட்டால் ஒரு சிறு குடும்பமே வந்து குடியேறும். மரத்தடி முழுவதையும் சிமெண்டு போட்டு மூடாமல் இருந்தாலே வேர்களுக்குப் பெரிய உதவி.

பெற்றோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். தந்தையின் தோட்டத்தில் வேடிக்கை பார்த்து நின்ற ஒரு சிறுமியே உலகம் போற்றும் விஞ்ஞானி ஆனார். உங்கள் பெண்கள் மண்ணைக் கிளறினால், புழுவை உற்றுப் பார்த்தால், ஏன் என்று கேள்வி கேட்டால், கை அழுக்காகிறது என்று கடிந்துகொள்ளாதீர்கள். மேலே படிக்க விரும்பினால் படிக்க வையுங்கள்.

ஜானகி அம்மாள் பெயரால் இந்திய அரசு வகைப்பாட்டியல் அறிஞர்களுக்கென விருது ஒன்றை ஏற்படுத்தியது. 2018ஆம் ஆண்டு கொடைக்கானலைச் சேர்ந்த ரோஜா வளர்ப்பாளர்கள் தாங்கள் உருவாக்கிய மஞ்சள் நிற ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். மஞ்சள் நிறச் சேலையை அவர் விரும்பி உடுத்துவார் என்பதால் அது மிகப் பொருத்தம்.

விருதும் ரோஜாவும் அவருக்குச் சிறப்பே. ஆயினும் அவர் வாழ்ந்த இடத்திற்கு இத்தனை அருகில் படிக்கும் மாணவியராகிய நாம் அவருக்குச் செலுத்தக்கூடிய அஞ்சலி வேறொன்றும் உண்டு. நம் காலடியில் இருக்கும் ஒரு பிடி மண்ணும் உயிருள்ளது என்பதை மறவாமல், இறைவன் நம்மிடம் ஒப்படைத்த இப்படைப்பைப் பேணிக் காப்போமாக!